எல்லாம் அடக்கம்

‘இரண்டு இரவு, மூன்று பகல், எல்லாம் அடக்கம்’ என்று அழைப்பிதழின் அடியில் போட்டிருந்தார்கள். அறை, மூணு வேளைச் சாப்பாடு, ரெண்டு வேளை டீ பிஸ்கட், நீச்சல் குளம், கடலைப் பார்த்து உட்கார நாற்காலி எல்லாம் ஒரே தொகைக்குள். அடக்கம் என்ற சொல்லுக்குத் தமிழ் எம்.ஏ. படித்தவளாக மூன்று பொருள் சொல்வேன். உள்ளே சேர்ந்திருப்பது ஒன்று. அடங்கிப் போவது இன்னொன்று. அதற்கு வள்ளுவர் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். மூன்றாவது, பிணத்தைப் புதைப்பது. எங்கள் சேரியில் அதிகம் புழங்குவது இந்த மூன்றாவதுதான். ‘எப்ப அடக்கம்?’ என்று ஒருத்தர் கேட்டால் சாவுக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

விடுதி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒன்றைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். விளிம்புநிலை மக்களின் உரிமைகள் பற்றி ஒரு தன்னார்வக் குழு அங்கே கருத்தரங்கு நடத்தியது. பேராசிரியர்கள், கவிஞர்கள், ஆய்வு மாணவர்கள், களப்பணியாளர்கள் என்று நாற்பது பேர் போயிருந்தோம். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று விடுதியில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. வாடகை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான்.

நுழைந்ததுமே ஒரு பலகை: ‘புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’

இந்த வருத்தம் யாருக்கு? குளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு அடியில் உட்கார்ந்து நீல டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்த பையனுக்கா? ஒடிசாவிலிருந்து வந்தவன். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, காலில் செருப்பு இல்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த சித்தாள் பெண்கள் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். புல்வெளியைத் தாண்டினால் கெஸ்ட் கண்ணில் படும் என்று மதிலோரமாகச் சுற்றிப் போகச் சொல்லியிருந்தார்கள், ஒவ்வொரு நடைக்கும். எங்களுக்குப் பீங்கான் கோப்பையில் டீ. அவர்களுக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் காகிதக் கப்பில். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களுக்கு ஒருமுறை போய்வரலாம். குவளையையும் புதுப்பித்திருக்கிறார்கள்.

ஒரே காசுக்கு எல்லாமும் என்கிற இந்த ஏற்பாடு இங்கே பிறந்ததல்ல. 1950இல் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவின் கடற்கரையில் ழெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் கூடாரங்கள் போட்டுத் தொடங்கிய கிளப் மெட் இதன் முன்னோடி. பிறகு அங்கே காசுக்குப் பதிலாகப் பாசிமணியைக் கொடுத்துக் குடிக்கிற வழக்கமும் வந்தது. தங்குகிற நாட்களில் கையிலிருந்து பணம் போவது கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். காசு கண்ணில் படாவிட்டால் கூலி கண்ணில் படாது. கூலி படாவிட்டால் ஆள் படமாட்டான். ஐரோப்பாக்காரன் இதைத் திட்டம் போட்டுச் செய்யவேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மலம் எடுப்பவர் வந்துபோக வீட்டுக்குப் பின்னால் தனிச் சந்து விட்டுத் தெருக்கள் கட்டிய நாடு இது.

பாதாளச் சாக்கடை இல்லாத கரை அது. விடுதி தன் மலத்தைத் தன் தோட்டத்துக்கு அடியிலேயே வைத்திருக்கிறது. இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்கின் மூடி திறந்திருந்தது. மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒருத்தர் மார்பளவு இறங்கி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். மாமனும் மச்சானும். சாதியை நான் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்த நாட்டில் அந்தக் குழிக்குள் வேறு எவனும் இறங்குவது அரிது.

“மிஷின் வரலியாண்ணா?”

“லாரி வந்து தண்ணிய உறிஞ்சிட்டுப் பூட்ச்சிக்கா. மேல வேல செய்யறவங்க கொட்ன சிமென்ட்டும் ஓட்டாஞ்சில்லும் உள்ள எறங்கி அடியில கட்டியா கெடக்குது. அத ஆளுதான் வெட்டி எடுக்கணும்.”

“முகமூடி, பெல்ட்டு ஒண்ணும் குடுக்கலியா?”

“கயிறே எங்க வூட்டுக் கயிறுக்கா.”

வெளிச்சம் வருவதற்குள் முடித்துவிட்டுப் போய்விட வேண்டுமாம், கெஸ்ட்டுங்க பாக்கக்கூடாதாம். அதுதான் ஒப்பந்தம்.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு ஒன்று அந்தக் குழிகளில் தேங்கும். அளவு கூடினால் முதலில் மோப்ப உணர்வை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதே என்று உள்ளே இருப்பவர் நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அடுத்த நாள் பத்திரிகையில் ‘விஷவாயு தாக்கி தொழிலாளி பலி’ என்று வரும். தமிழ்ப் பத்திரிகை உலகின் மிகக் கேவலமான வாக்கியம் இது. வாயு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. இறக்கிவிட்டவன் ஒருத்தன் இருக்கிறான். காசு பேசியவன் இருக்கிறான், குழியைக் கட்டியவன் இருக்கிறான். எழுவாயை மாற்றி எழுதினால் கொலையாளி தப்பிவிடுகிறான். இலக்கணம் சாதிக்கு எப்படி உதவுகிறது என்று பாருங்கள்.

அவரை மேலே ஏறி வரச் சொன்னேன். மேலாளர் ஓடிவந்தார். “மேடம், இவங்க காண்ட்ராக்டர் ஆளுங்க, எங்க ஸ்டாஃப் இல்ல.” 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்கக்கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மலக்குழி, சாக்கடைச் சாவுகளுக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் அந்தக் குழியின் விளிம்பில் நின்று அந்த மனிதரிடம் சொன்னேன். “மேடம், ரெண்டு நாள்ல எல்லாம் முடிஞ்சிரும். உங்களுக்கு ஒண்ணும் ஸ்மெல் வராது” என்றார்.

வேலை நின்றது. நின்றதும் அண்ணன்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். முடித்தால்தான் கூலி. அரைநாள் கூலியாவது கொடுங்கள் என்று சண்டை போட்டு வாங்குவதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது.

முற்பகல் அமர்வு பஞ்சமி நிலம் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீரின் அறிக்கை, 1892இல் வந்த அரசாணை, நம் கையைவிட்டுப் போன நிலங்கள், காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டுச் செத்துப்போன ஜான் தாமஸ், ஏழுமலை. பேசியவர் நன்றாகத்தான் பேசினார், எனக்கே கண் கலங்கியது. பேச்சுக்கு நடுவில் வெளியே பிரேக்கர் மிஷின் தடதடத்தது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டு, “கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கப்பா” என்றார்.

மதியம் இரண்டு கடிதங்கள் சுற்றுக்கு வந்தன. ஒன்று விடுதி நிர்வாகத்துக்கு. மராமத்து நடப்பதை முன்கூட்டியே சொல்லவில்லை, சத்தம் தாங்கவில்லை, சாம்பாரில் தூசி விழுகிறது, குளம் மூடிக் கிடக்கிறது, ‘எல்லாம் அடக்கம்’ என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள் என்பது புகார். 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொன்று நான் எழுதியது, காலையில் கண்டதைப் பற்றி. அதில் என்னோடு சேர்த்து 5 பேர்.

போடாதவர்கள் சொன்ன காரணங்களைத் தனி நூலாகவே போடலாம். ‘இது இன்றைய அமர்வின் பொருள் இல்லை.’ ‘உணர்ச்சிவசப்படாதீங்க தோழர்.’ ‘விடுதிக்காரர் கோவிச்சுக்கிட்டா அடுத்த தடவை இந்த ரேட்டுக்கு இடம் கெடைக்காது.’ ஆய்வு நெறியாளர் ஒருவர், “இதை ஒரு கேஸ் ஸ்டடியா பத்துப் பக்கம் எழுதிக் குடுங்களேன், தொகுப்புல சேர்த்துக்கலாம்” என்றார். பாவம், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

சத்தக் கடிதத்துக்கு இரண்டு மணி நேரத்தில் பலன் கிடைத்தது. வாடகையில் பத்து சதவீதம் தள்ளுபடி, ராத்திரி கடற்கரையில் மீன் வறுவலோடு விருந்து. பகலில் பிரேக்கர் ஓடாது என்று உறுதியும் கொடுத்தார்கள். பகலில் ஓடவேண்டியது ராத்திரி பத்து மணிக்கு மேல் பின்கட்டில் ஓடியது. 31 பேரின் காதுக்கு நேர்ந்த சிரமத்தை அந்த ஒடிசாப் பையனின் தூக்கத்திலிருந்து எடுத்துச் சரிக்கட்டினார்கள்.

நீயும்தானே அங்கே தங்கினாய், தின்றாய் என்று கேட்பார்கள். கேட்டாயிற்று. ஆமாம், தங்கினேன். மெத்தை நன்றாக இருந்தது. மீன் வறுவலும் நன்றாக இருந்தது. கடலைப் பார்த்த அறையில் படுக்க எனக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. எளிமையைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிற வேலையை ஆசிரமக்காரர்களோடு விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கோட்டும் சூட்டும் போட்ட பாபாசாகேப் இருக்கிறார். சேரிக் கூடத்தில் பாய் விரித்துக் கருத்தரங்கு நடத்தினால் புனிதமாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அங்கேயும் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் கூப்பிடுவது அதே மாமனையும் மச்சானையும்தான்.

என் கேள்வி வேறு. நாற்பது அறைக்குப் பணம் கட்டுகிறவருக்கு மேலாளரிடம் நாலு கேள்வி கேட்கிற பலம் இருக்கிறது. சைவமா அசைவமா என்று கேட்டார்கள். ஒலிபெருக்கி உண்டா, ஏசி ஓடுமா என்று கேட்டார்கள். மலக்குழியை யார் சுத்தம் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், வேலையாட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்க என்ன தடை? நிதி கொடுக்கிறவனுக்கு டீச் செலவு வரைக்கும் கணக்கு எழுதுகிற குழுக்களுக்கு இந்த ஒரு வரி எழுத இடமில்லாமல் போய்விட்டதா? இதை அமைப்பாளர்களிடம் நேரிலும் கேட்டேன். ‘நல்ல ஆலோசனை, குறிச்சுக்கறோம்’ என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். டேங்கின் மூடி மாட்டி, சுற்றிலும் புது சிமென்ட் பூசி, மேலே குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். “ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் கூப்ட்டாங்கக்கா. முடிச்சிட்டோம். நல்லாத்தான் கீறோம்” என்றார். பேசின கூலி ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. முதல் நாள் கொடுத்த அரைநாள் கூலியை அதில் கழித்துக்கொண்டார்கள். இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து, அந்தக் காசையும் கழித்துக்கொண்டார்கள்.

ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தை, விடுதியின் பெயரோடும் தேதியோடும், மனுவாக மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அண்ணன்கள் இருவர் பெயரும் அதில் இல்லை. நாளைக்கு அவர்களுக்கு வேலை வேண்டும். படி ஒன்று இதழ் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தக் கருத்தரங்குக்கு வந்திருந்தவர்களில் இதைப் படிக்கிறவர்கள் இனியும் கையெழுத்துப் போடலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.