சுவரில் ஒரு சமுத்திரம்

குழந்தைகளின் வகுப்பறைச் சுவரில் சமுத்திரத்தைச் சித்திரிப்பது இப்போது பல பள்ளிக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கந்தான். ஆனால், அந்தச் சமுத்திரம் யாருடையது? தென் துருவத்துப் பெங்குவின் பட்சி அங்கே கம்பீரமாக நிற்கிறது; நமது பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவைக் காணோம்! அந்தச் சாதுப் பிராணியைக் காப்பதற்கென்றே 2022-ம் வருஷத்தில் தமிழக அரசாங்கத்தார் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஒதுக்கியதைக் குழந்தைகள் அறிய வேண்டாமா?

செலவு அதிகமில்லை. பழைய பத்திரிகைத் தாளைச் சலவை நீலத்தில் தோய்த்தால் கடல், கிழிந்த பச்சைப் புடவைக் கரை கடற்புல், பனையோலையில் மீன், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தால் நம் கரைக்கு வந்து முட்டையிடும் பங்குனி ஆமை. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்.

ஜிகினாவும் பிளாஸ்டிக் தாளும் மட்டும் வேண்டாம். மிதக்கும் பிளாஸ்டிக் பையை இழுதுமீன் என்றெண்ணி விழுங்கி ஆமைகள் மடிகின்றன. கடலைக் கெடுக்கும் பொருளைக் கொண்டே கடலை அலங்கரிப்பது என்ன படிப்பு?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் கண்விழித்துத் தாயார் செய்து கொடுத்தனுப்பும் அழகிய ஆமையைவிட, குழந்தை தன் கையாலேயே செய்த கோணல் ஆமை எவ்வளவோ மேல். முன்னது பரிசு பெறலாம், பின்னதுதான் பாடம்.