தனி உறுப்பா, சுயாதீன மூலிகமா?

வேதியியலில் 'ஃப்ரீ ராடிகல்' என்றொரு சொல் உண்டு. தமிழகப் பாடநூல்கள் அதனைத் 'தனி உறுப்பு' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ அது 'சுயாதீன மூலிகம்'. அறிவியல் தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், ஒரு கரையின் நூலை மறுகரை மாணவர் எடுத்தால் முதற்பக்கத்திலேயே திகைப்பார் என்பதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இலத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். 1787இல் இலவாசியே முதலியோருடன் சேர்ந்து வேதிப் பெயர்களைச் சீர்செய்த கிய்த்தோன் த மோர்வோ, அமிலத்தில் ஆக்சிஜன் நீங்கலாக எஞ்சும் அடிப்படைக்கு இப்பெயரை இட்டார். மூலம், மூலிகம் என்று ஈழத்தவர் அந்த வேரைப் பற்றிக்கொண்டனர். மூலக்கூற்றின் ஒரு பகுதி என்ற அளவில் 'உறுப்பு' என்பதும் பிழையன்று. ஆயினும் 'தனி உறுப்புகள் செல்களைத் தாக்குகின்றன' என்று மருத்துவக் கட்டுரையில் படிப்பவர் கல்லீரலையும் மண்ணீரலையும் நினைத்துக்கொண்டால் அவரை நோவதெப்படி? (மூலிகம் மூலிகையை நினைவூட்டுமே என்பார் உளர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவைதாமே!)

அடைமொழியில் நம் தீர்ப்பு வேறு. 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க், ஆறு பீனைல் தொகுதிகளைத் தாங்கிய ஈத்தேனை ஆக்க முயன்றார். கிட்டியதோ, மூன்றே பிணைப்புகளுடன் நிற்கும் கார்பன். கார்பனுக்குக் கைகள் நான்கு என்பது அன்று வேதவாக்கு. அவருடைய மஞ்சள் கரைசல் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு நிறமிழந்தது. பிணைப்பென்பது இரண்டு எலக்ட்ரான்களின் இணை என்று ஜி. என். லூயிஸ் 1916இல் கூறிய பிறகே, இந்தக் கார்பனிடம் இருப்பது இணையற்ற ஒற்றை எலக்ட்ரான் என்பது விளங்கலாயிற்று.

எதிர்ப்பட்டதையெல்லாம் பற்றத் துடிக்கும் இதற்குச் சுயாதீனம் ஏது? விடுபட்டது என்ற பொருளில் ஐரோப்பியர் இட்ட அடைமொழியை அப்படியே பெயர்த்ததன் விளைவு இது. 'தனி' என்ற சொல்லிலோ விடுபட்ட நிலையும் உண்டு, துணையின்மையும் உண்டு. மூலச்சொல்லுக்கே வாய்க்காத பொருத்தம். மொழிபெயர்த்தவர் எண்ணிச் செய்தாரோ, தானே அமைந்ததோ!

ஆகவே 'தனி மூலிகம்' என்று வழங்கலாம் என்பது நம் கருத்து. இரு நாட்டுப் பாடநூற் குழுவினரும் இதை ஏற்பதற்கு ஒரு தலைமுறை ஆகக்கூடும். எழுதுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.