மண்ணின் பசிக்கு யார் பொறுப்பு?

“பால் குறைந்துவிட்டது, வெட்டுகிறவன் சோம்பேறி!” தோட்டங்களில் பழகிப்போன பேச்சு இது. கத்தி சரியில்லை, பட்டையில் காயம், நேரத்துக்கு வரவில்லை என்று காரணங்கள் அடுக்கப்படும். மரத்தின் காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி யாராவது கேட்கிறார்களா?

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பொங்கோலில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. ரப்பருக்கு முன், 19ஆம் நூற்றாண்டில், சிங்கப்பூர்த் தீவில் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் பரவியிருந்தன. காட்டை அழித்து நட்டார்கள்; கம்பீர் இலையைக் காய்ச்ச மிச்சக் காட்டையும் விறகாக்கினார்கள். 15, 20 ஆண்டுகளில் மண் சாரமிழந்தது. லாலான் புல்லை மிச்சம் வைத்துவிட்டுத் தோட்டக்காரர்கள் ஜொகூருக்குப் போனார்கள். எடுத்தார்கள், திருப்பிக் கொடுக்கவில்லை.

ரப்பர்த் தோட்டங்களும் அவ்வழியே சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புல் பூண்டு இல்லாமல் செதுக்குவதே நல்ல நிர்வாகம் எனப்பட்டது. நம் பாட்டன்மார் செதுக்கினார்கள். மேல்மண் மழையில் கரைந்தோடியது. 1920களில் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பயற்றுக் குடும்பக் கொடிகளைப் படரவிடச் சொன்னது. அவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். உதிர்ந்து மக்கி, ஈரத்தையும் சத்தையும் மண்ணில் பிடித்துவைக்கும்.

மக்கிய சருகில்லாத மண்ணில் கொட்டிய உரம் மழையோடு போய்விடும். சிறிதளவே வேண்டிய சத்துகளும் குறையக்கூடாது. மாங்கனீசு குறைந்தால் இலை நரம்புகளுக்கிடையே வெளிறும்; துத்தநாகம் குறைந்தால் இலை ஒடுங்கும். மிஞ்சினாலும் கேடுதான். பாலிலுள்ள மணிச்சத்துக்குப் பொருந்தாமல் மக்னீசியம் ஏறினால், பால் மங்கிலேயே உறைந்துவிடும். அழுக்கு மங்காலும் பால் உறையும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணைச் சோதிக்காமலே பழியைத் தொழிலாளி தலையில் சுமத்துவது என்ன நியாயம்? எடைக்கேற்பக் கூலி வாங்குபவருக்கு மண்ணின் பசி வீட்டின் பசியல்லவா?

எனவே ஊதியப் பேச்சில் இவற்றையும் கேட்போம்: விளைச்சல் குறைந்த நிரைகளின் மண்ணையும் இலையையும் சோதித்து, முடிவைத் தொழிலாளர் முன் வைக்கவேண்டும். மறுநடவில் கொடியும் உரமும் செலவுக்குறைப்புக்குப் பலியாகக்கூடாது.

கிராணித் தோழர்களே! பால் எடையோடு, உரமிட்ட தேதியையும் அளவையும் நிரைவாரியாகக் குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் வாய்ப்பேச்சைவிட அந்தக் கணக்கே நமக்கு வலிமை தரும்.