இனி இங்கேதானா?

முப்பது நாள் விடுமுறையில் வந்தபோதெல்லாம் அவர் ராஜா. விமான நிலையத்துக்கே ஜீப்பில் உறவுகள் திரண்டு வரும். பெட்டியைத் திறந்தால் வீடெங்கும் அத்தர் மணக்கும். இந்த முறை அவர் திரும்பிப் போகவில்லை. முதல் மாதம் "டிக்கெட் எப்போது?" என்று கேட்டவர்கள் மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மலப்புரத்தில் இப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் எடுத்த கணக்குப்படி, அப்போது வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவர் சுமார் 13.6 லட்சம். திரும்பிவிட்டவர்கள் சுமார் 7.4 லட்சம். அமெரிக்கா போனவர் அங்கேயே குடியுரிமை பெற்றுத் தங்கிவிடலாம். வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போனவருக்கு அந்த வழி இல்லை. வேலை உள்ளவரை விசா. வேலை போனால் விமானம்.

கையில் மிஞ்சுவது என்ன? ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள் சம்பளம் பணிக்கொடை. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 555 நாள் சம்பளம், அதாவது ஒன்றரை ஆண்டு வருமானம். அதுவும் அடிப்படைச் சம்பளக் கணக்கில், படிகள் சேராது. மாதாமாதம் அனுப்பிய பணமோ ஏற்கெனவே மாடி வீடாகவும் தங்கையின் கல்யாணமாகவும் மாறிவிட்டது.

மிச்சத்தை வைத்துத் தொழில் தொடங்குவதும் லேசல்ல. 1989இல் சத்யன் அந்திக்காடு இயக்கிய 'வரவேல்பு' படத்தில் மோகன்லால் வளைகுடாவிலிருந்து திரும்பி, பஸ் வாங்கி, நொடித்துப் போவார். 'வரவேற்பு' என்பதுதான் தலைப்பின் பொருள். கேரளம் சிரித்துக்கொண்டே புரிந்துகொண்டது. 1996இல் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கென அரசு தனித் துறை அமைத்தது. 2008இல் நலநிதிச் சட்டம் வந்தது. திரும்பியவர்கள் தொழில் தொடங்க மானியத்துடன் கடன் திட்டமும் வந்தது.

எந்தத் திட்டத்திலும் அடங்காதது வீட்டுக்குள் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக வங்கிக்குப் போனதும், மேஸ்திரியோடு மல்லுக்கட்டியதும், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டதும் மனைவிதான். வந்த வேகத்தில் சாவிக்கொத்தைக் கேட்டார் கணவர். அவர் கொடுத்துவிட்டார், ஆனால் இரண்டு நாள் பேசவில்லை. "உப்பா இனி இங்கேதானா?" என்று மகள் தாழ்ந்த குரலில் தாயிடம் கேட்டது அடுத்த அறையில் இருந்தவர் காதில் விழுந்தது. அவள் வயது பதினாறு. அவர் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறாது.

மறுநாள் காலை சாவிக்கொத்து பழைய ஆணியிலேயே தொங்கியது. ரேஷன் கார்டையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று மனைவியிடம் கேட்டார்: "கடை எந்தப் பக்கம்?"