கேள்வியை எழுதுவது யார்?

1927 டிசம்பர் 25 அன்று டாக்டர் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் எந்த நூலின் பிரதிகளை எரித்தார்கள்? விஷ்ணு புராணமா, பகவத் கீதையா, ரிக் வேதமா, மனுஸ்மிருதியா?

2020 அக்டோபர் 30 அன்று ஒளிபரப்பான ‘கௌன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியில் அமிதாப் பச்சன் கேட்ட கேள்வி இது. மதிப்பு 6,40,000 ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், மலக்குழி மரணங்களுக்கு எதிராகப் போராடிவரும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் பெஜவாடா வில்சனும் நடிகர் அனூப் சோனியும். அடுத்த சில நாட்களில் லக்னோவில் அமிதாப் மீதும் தயாரிப்பாளர்கள் மீதும் வழக்குப் பதிவானதாகச் செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் அபிமன்யு பவார் காவல்துறையில் புகார் கொடுத்தார். நான்கு விடைகளும் ஏன் இந்து நூல்களாகவே இருக்கின்றன, இது இந்துக்களைப் புண்படுத்துகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

கேள்வியில் சொல்லப்பட்ட நிகழ்ச்சி நடக்கவே இல்லை என்பதல்ல புகார். மகத்தில் அந்த நாளில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது ஊரறிந்த வரலாறு. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிராமணராகப் பிறந்த சகஸ்ரபுத்தே என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக, பிரச்சினை விடையில் இல்லை. கேட்டதுதான் பிரச்சினை.

இத்தனைக்கும் அம்பேத்கர் வினாடி வினாக்களுக்குப் புதியவர் அல்ல. அவர் பிறந்த ஊர் எது? மாவ். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் யார்? பாரத ரத்னா எந்த ஆண்டு? 1990. இந்தக் கேள்விகளை எந்த மேடையிலும் கேட்கலாம், யாரும் காவல் நிலையத்துக்குப் போகமாட்டார்கள். அவற்றில் அம்பேத்கர் பிறக்கிறார், பதவி வகிக்கிறார், விருது பெறுகிறார். கே.பி.சி. கேட்ட கேள்வியில் மட்டும் அவர் கையில் தீ இருந்தது. அந்த ஒரு வினைச்சொல்தான் அவர்களைச் சுட்டது.

வினாடி வினா நிகழ்ச்சிகள் மீது நம் வீடுகளில் இருக்கும் பிரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2000இல் கே.பி.சி. தொடங்கியதும் தமிழில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ வந்தது. 2011இல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த, நூறு நாள் வேலைத் திட்டத்தில் கணினி இயக்குநராக இருந்த சுஷில் குமார் 5 கோடி ரூபாய் வென்றார். 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’யில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரை கௌசல்யா கார்த்திகா உதட்டசைவைப் படித்தே ஒரு கோடியை வென்றார். பரிந்துரை, பின்புலம், ஆங்கிலம் எதுவும் இல்லாமல் தெரிந்ததைச் சொல்லி ஜெயிக்கலாம் என்கிற நம்பிக்கையை இவர்கள் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை பொய் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் விடை சொல்பவரின் சாதியைப் பார்க்காத அந்த நாற்காலி, கேள்வியை எழுதியவரின் பார்வையை நம்மிடம் மறைத்துவிடுகிறது. எது ‘பொது’ அறிவு என்பதை முடிவு செய்பவர் திரையில் வருவதே இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 1939 ஜூலை 8 மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குத் தலைமை ஏற்றவர் யார்? வைத்தியநாத அய்யர். சரியான விடை, மதிப்பெண் உண்டு. இதையே, ‘அன்று உள்ளே நுழைந்தவர்கள் யார்?’ என்று மாற்றிக் கேளுங்கள். கக்கன், முத்து, முருகானந்தம், சின்னையா உள்ளிட்ட ஐந்து தலித்துகள், விருதுநகர் நகராட்சி உறுப்பினர் எஸ்.எஸ். சண்முக நாடார் என்று பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு கேள்விகளுமே உண்மையான நிகழ்ச்சியைப் பற்றியவை. முதல் கேள்வியில் அழைத்துப் போனவர் மட்டும் இருக்கிறார். இரண்டாவதில், தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் சொந்தக் காலில் நடந்து உள்ளே போகிறார்கள்.

எங்கள் பகுதிக்கும் இப்படி ஒரு நிரந்தரக் கேள்வி உண்டு. ‘குட்டி ஜப்பான்’ என்று அழைக்கப்படும் ஊர் எது? சிவகாசி. அப்படிச் சொன்னவர் நேரு என்பது அடுத்த கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்திலும், கிச்சநாயக்கன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகளில் ஒரே நாளில் 14 பேர் செத்தார்கள். இறந்தவர்களில் பலர் பெண்கள். இந்தத் தேதிகள் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. சிவகாசிக்குப் புகழ் சேர்ந்த கதை பொது அறிவு. அந்தப் புகழுக்காக வெந்தவர்களின் கதை, அன்றைய ஒருநாள் செய்தி.

எம். புதுப்பட்டியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ அக்காவோ வெடி ஆலைக்குப் போகிறவர்கள். தலித் குடும்பங்கள்தான் அதிகம். சென்ற ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வினாடி வினா வைத்தபோது கேள்விகளை நாங்கள் தயாரிக்கவில்லை, பிள்ளைகளையே எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். முதலில் தலைநகரங்களும் நதிகளும்தான் வந்தன. “உங்க வீட்ல இருக்கிறவங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா எழுதுங்க” என்றோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதி வந்தாள்: “மருந்து செலுத்துற ரூம்ல எத்தனை பேர் இருக்கணும்? எத்தனை பேர் இருக்காங்க?”

முதல் பாதிக்கான விடை அறையின் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது பாதிக்கான விடை அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். ஒரு சட்டத்துக்கும் அது மீறப்படுவதற்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரண்டே வரியில் கேட்டுவிட்டாள். ஆய்வுப் படிப்பில் எங்களிடம் முதலில் கேட்பது, ‘உன் ஆய்வுக் கேள்வி என்ன?’ என்பதுதான். சாதியைப் பற்றி ஒரு தலித் மாணவர் கேள்வி வைத்தால், ‘இது உன் சொந்தக் கதை, பொதுவாக ஏதாவது யோசி’ என்று திருப்பி அனுப்பும் அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ‘பொது’ என்ற சொல் அங்கேயும் வாசலில் காவல் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் ‘எது’, ‘யார்’, ‘எப்போது’ என்பவை அடங்கும். ‘ஏன்’ அடங்காது. மகத்தில் மனுஸ்மிருதி எரிந்த அதே டிசம்பர் 25இல், 41 ஆண்டுகள் கழித்து, 1968இல் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். எந்த ஊர், எத்தனை பேர் என்று விடைகள் கொடுத்துக் கேட்டுவிடலாம். கூலி உயர்வு கேட்டவர்களை ஏன் எரித்தார்கள், மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் ஏன் விடுவித்தது என்பதற்கு நான்கு விடைகளும் போதாது, அறுபது வினாடியும் போதாது. வில்சன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் 2013 என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் ஏன் சாகிறார்கள் என்பது வில்சன் நாட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்குப் பரிசுத்தொகை கிடையாது.

அதனால் தோழர்களே, ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 25க்கும் நம் ஊர்களில் வினாடி வினா நடத்துகிறோம். நம் மேடையிலும் பிறந்த ஊர், பெற்ற பட்டம், வாங்கிய விருது என்று அதே கேள்விகளைத்தான் கேட்கிறோம். அவற்றை விட்டுவிட வேண்டாம், ஆனால் அவற்றோடு நிறுத்தவும் வேண்டாம். என்ன எரித்தார், எந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தார், எதிலிருந்து வெளியேறினார் என்று கேளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பிறகு, ‘ஏன்?’ என்று கேட்டு ஐந்து நிமிடம் பேச விடுங்கள். கேள்விகளை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமும் அவர்களின் அம்மாக்களிடமும் கொடுங்கள்.

ஒரே ஒரு கேள்விக்காக ஒரு பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி மீது வழக்குப் போட்டார்கள். கேள்விக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும்.