நிழலுக்கு நுழைவுச்சீட்டு

சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. அப்போது விதித்த நுழைவுக் கட்டணம் பெரியவர்க்கு 100 ரூபாய், சிறுவர்க்கு 50. வாலாஜாபாத்திலிருந்து ரயிலேறிச் செல்லும் நெசவாளர் குடும்பமொன்று, தம்பதியரும் இரு பிள்ளைகளுமாக, அக்கணக்கில் வாயிலிலேயே 300 ரூபாய் இழக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்பார்கள். கண்ணாடி மாளிகைக்கும் கேளிக்கைகளுக்கும் கட்டணம் வாங்கட்டும், மறுப்பில்லை. மரத்தடியில் அமர்வதற்கும் விலையா என்பதே என் கேள்வி. நிலம் அரசுடையது, கட்டியது மக்கள் வரிப்பணம். ஊர் கூடும் இடத்துக்குப் 'பொதியில்' என்று, அதாவது பொதுவான இல்லம் என்று, பெயரிட்ட மொழி நம்முடையது. சீட்டு வாங்கினால்தான் நுழையலாம் என்ற இடத்தைப் பொதுப்பூங்கா என்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதி. மெரினா மணலில் கால் வைக்க எவரும் சீட்டுக் கேட்பதில்லை. ஏழைக்கு இந்நகரம் வைத்திருக்கும் பூங்கா இன்றும் அதுதான்.