அட்டை முடிந்தாலும் அறவீடு முடிவதில்லை

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் மாதாந்த நன்கொடை புதிய விடயமன்று. ஆலயத் திருப்பணி, ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான இல்லம், அனைத்துலகத் தொண்டு நிறுவனம் என ஏதோ ஒன்றுக்கு எப்போதோ ஒருநாள் கடனட்டை இலக்கத்தைக் கொடுத்திருப்போம். அட்டையின் காலாவதித் திகதி வந்ததும் அக்கொடுப்பனவும் தானாகவே நின்றுவிடும் என நம்பியிருப்போர் பலர். அந்நம்பிக்கை தவறானது.

அட்டையில் உள்ள திகதி அட்டைக்குரியதே தவிர, நாம் வழங்கிய சம்மதத்துக்குரியதன்று. புதிய அட்டை வழங்கும் வங்கி, அதன் இலக்கத்தையும் திகதியையும் விசா, மாஸ்ரர்காட் போன்ற வலையமைப்புகளுக்கு அறிவிக்கின்றது. விசாவின் 'அக்கவுண்ட் அப்டேற்றர்', மாஸ்ரர்காட்டின் 'ஓட்டோமற்றிக் பில்லிங் அப்டேற்றர்' ஆகிய சேவைகள் இதற்கென்றே இயங்குகின்றன. தொண்டு நிறுவனத்துக்காகப் பணம் அறவிடும் நிறுவனம் அங்கிருந்து புதிய விபரத்தைப் பெற்றுப் பதிந்துகொள்கின்றது. இன்று பல இடங்களில் அட்டை இலக்கத்துக்குப் பதிலாக ஒரு குறியீட்டு இலக்கமே சேமிக்கப்படுகின்றது. அட்டை மாறினும் அக்குறியீடு மாறாது. இவை எதுவும் இல்லாதவிடத்தும், தொடர் கொடுப்பனவு எனக் கண்டு, பழைய திகதியுடன் வந்த கோரிக்கையை வங்கியே அனுமதிப்பதுண்டு. ஆனால் எல்லா வங்கிகளும் இதில் பங்குபற்றுவதில்லை. ஆதலால் சில நன்கொடைகள் சொல்லாமலே நின்றும் போகின்றன.

இது களவன்று. மின்சாரக் கட்டணமும் காப்புறுதியும் தடைப்படாதிருக்க உதவும் ஏற்பாடுதான். ஆயினும் மின்சாரம் பாவிப்பவருக்குப் பட்டியல் வருகின்றது. நன்கொடையாளருக்கோ பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. எமது ஆட்சேபம் இதுவே. ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோர், ஆங்கிலத்திலோ யேர்மன் மொழியிலோ வரும் வங்கிக் கூற்றை வரி வரியாக வாசிப்பவர்கள் அல்லர். வாசித்தாலும் அங்கே சங்கத்தின் பெயருக்குப் பதிலாகப் பணம் அறவிடும் நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடும். ஒருவர் இறந்த பின்னரும், வங்கிக்கு அறிவிக்கப்படும் வரை அறவீடு தொடரலாம்.

இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகளுக்கு, மத்திய வங்கியின் விதிகளின்படி, அறவீட்டுக்குக் குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன் அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். 2021 ஒக்ரோபர் முதல் அது நடைமுறையில் உள்ளது. நாம் வாழும் மேற்கு நாடுகளிலும் இத்தகைய கட்டாயம் வேண்டும். சட்டம் வரும்வரை எமது சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. "உங்கள் நன்கொடை புதிய அட்டையிலும் தொடர்கின்றது, நிறுத்த விரும்பின் இவ்விலக்கத்துக்கு அழையுங்கள்" எனத் தமிழில் இரு வரி எழுதுவது கடினமான காரியமா? எழுதினால் சிலர் விலகுவர் என்று தயங்குவோர் உளர். விலகட்டுமே! அறியாமல் தொடர்பவரை அங்கத்தவராகக் கணக்கிடுவதிலும் அது மேலானது.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் புதிய அட்டை வரும் மாதத்தில், அம்மா அப்பாவுடன் அமர்ந்து கடந்த மூன்று மாதக் கூற்றுகளைப் பாருங்கள். எல்லாவற்றையும் நீங்களே வெட்டிவிடாதீர்கள். எதைத் தொடர விரும்புகின்றனர் என்று கேளுங்கள். நிறுத்துவதாயின் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் 2009 நவம்பர் முதல் இச்சம்மதத்தை வங்கியிடமே நேரடியாக மீளப்பெறலாம். நிறுவனத்திடம் முதலில் பேசுமாறு வங்கி திருப்பி அனுப்ப முடியாது. அட்டை தொலைந்ததென அறிவித்து வேறு அட்டை பெற்றால் போதும் எனச் சிலர் சொல்வதுண்டு. அந்தப் புதிய இலக்கமும் அதே வழியில் சென்றடையக்கூடும்.